வாக்கர் என்னும் ஆங்கிலக் குடும்பப் பெயர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

‘வாக்கர்’ என்றால் ‘நடப்பவர்’ என்பதுதானே பொருள்?

இன்றைய ஆங்கிலத்தில் அதுதான் பொருள். காலையில் கடற்கரையோரம் கைவீசி நடப்பவரையும், முதியவர் பிடித்துக்கொண்டு நடக்கும் நான்கு கால் சட்டத்தையும், குழந்தையை உட்காரவைக்கும் சக்கர வண்டியையும் நாம் வாக்கர் என்றே சொல்கிறோம். ஆனால் குடும்பப் பெயராக வரும் வாக்கர் ஒரு தொழிலின் பெயர். தறியிலிருந்து இறக்கிய கம்பளித் துணியைத் தொட்டியில் போட்டு, காலால் மிதித்து, அழுக்கையும் எண்ணெய்ப் பசையையும் போக்கி, இழைகள் இறுகிப் போகும்படி செய்த தொழிலாளியை இடைக்கால இங்கிலாந்தின் வடபகுதியிலும் மேற்கு நடுப்பகுதியிலும் அப்படி அழைத்தார்கள். அவரும் நடந்தார் என்பது உண்மைதான். ஆனால் நின்ற இடத்தை விட்டு நகராமல், கணுக்கால் வரை நாற்றமெடுத்த நீரில் நின்று நடந்தார்.

அப்படியானால் துணியின் மேல் ‘நடந்ததால்’ இந்தப் பெயர் வந்தது என்று கொள்ளலாமா?

பல இடங்களில் அப்படித்தான் விளக்குகிறார்கள். கேட்பதற்குப் பொருத்தமாகவும் இருக்கிறது. ஆனால் சொல்லின் வரலாறு அதற்கு நேர்மாறான திசையில் செல்கிறது. பழைய ஆங்கிலத்தில் ‘வெயல்கன்’ என்ற வினைச்சொல்லுக்கு உருளுதல், புரளுதல், அலைக்கழிதல் என்பனவே பொருள்; கடலலை புரள்வதற்குக்கூட அந்தச் சொல் பயன்பட்டது. கால்நடையாகச் செல்லுதல் என்ற பொருள் ஏறத்தாழ கி.பி. 1200-ஐ ஒட்டித்தான் அதற்கு வந்து சேர்ந்தது. துணியைப் புரட்டி மிதிப்பவரைக் குறிக்கும் ‘வெயல்கெரெ’ என்ற சொல்லோ அதற்கு முன்பே, பழைய ஆங்கிலத்திலேயே இருந்தது. தொழிலின் பெயர்தான் மூத்தது. நடை பின்னால் வந்தது. ஜெர்மன் மொழியில் ‘வால்கன்’ என்ற வினை இன்றைக்கும் கம்பளித் துணியை இறுகச் செய்வதையே குறிக்கிறது; நடப்பதற்கு அங்கே வேறு சொல் உண்டு.

நெய்து முடித்த துணியை எதற்காக மிதிக்க வேண்டும்?

பருத்தியும் பட்டும் பழகிய நமக்கு இது புரிவது சற்றுக் கடினம். தறியிலிருந்து இறங்கும் சேலையை மடித்து விற்பனைக்கு அனுப்பிவிடலாம். கம்பளியின் கதை வேறு. ஆட்டு ரோமத்தில் இயற்கையாகவே ஒருவகைக் கொழுப்பு இருக்கிறது. அது போதாதென்று, ரோமத்தைச் சீவி நூற்பதற்கு எளிதாக இருக்கட்டும் என்று வெண்ணெயோ எண்ணெயோ சேர்ப்பார்கள். ஆகவே தறியிலிருந்து வரும் கம்பளித் துணி பிசுபிசுப்பாகவும், வலைபோல இழை விட்டு இழை தெரியும்படி தளர்வாகவும் இருக்கும். அதை அப்படியே உடுத்தினால் குளிரும் தாங்காது, மழையும் தாங்காது.

இருபது கெஜத்துக்கும் மேற்பட்ட நீளமுள்ள துணியை மடித்துத் தொட்டியில் போட்டு, வெதுவெதுப்பான நீரும் அழுக்கெடுக்கும் பொருள்களும் ஊற்றி, வெறுங்காலால் மணிக்கணக்கில் மிதிப்பார்கள். ரோமத்தின் ஒவ்வோர் இழையிலும் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் உள்ளன. ஈரமும் சூடும் மிதியும் சேரும்போது அந்தச் செதில்கள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ள, இழைகள் பின்னிப் பிணைந்து, நெசவின் கட்டமே தெரியாத அளவுக்குத் துணி திரண்டு தடித்துவிடும். அகலத்தில் பல வேளைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கிவிடும். அதற்காகவே நெசவாளர்கள் தேவையைவிட மிக அகலமாக நெய்தார்கள். கம்பளிச் சட்டையைத் தெரியாமல் வெந்நீரில் துவைத்துவிட்டுக் குழந்தைச் சட்டையாக்கிக்கொண்டவர்கள் அறிவார்கள்: அதே விபத்தை அளவறிந்து, வேண்டுமென்றே செய்யும் கலைதான் வாக்கரின் தொழில். இடைவெளி விட்டுத் துணியை வெளியே எடுத்து மடிப்பு மாற்றிப் போடாவிட்டால் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் போய், நெசவாளியின் பல நாள் உழைப்பு வீணாகிவிடும். ஆகவே இதைக் கூலிக்கு மிதிக்கும் வேலை என்று மட்டும் எண்ணுவது தவறு.

அந்தத் தொட்டியில் சிறுநீர் ஊற்றினார்கள் என்பது உண்மையா?

உண்மை. சில நாள்கள் வைத்துப் புளித்த சிறுநீரில் அம்மோனியா உண்டாகும். அது ரோமத்தின் கொழுப்போடு சேர்ந்து சோப்பைப் போல வேலை செய்யும். சோப்பு விலையுயர்ந்த பொருளாக இருந்த காலத்தில் ஊர் மக்கள் எல்லோரும் இலவசமாகத் தரக்கூடிய சலவைப்பொருள் இது ஒன்றுதான். ரோமானியரிடமும் இதே வழக்கம் இருந்தது, கி.பி. 69 முதல் 79 வரை ஆண்ட வெஸ்பாசியன் என்ற பேரரசர் சிறுநீர் சேகரிப்புக்கே வரி விதித்தார் என்பது புகழ்பெற்ற செய்தி. சிறுநீருக்குப் பிறகு, எண்ணெயை உறிஞ்சும் ஒருவகைக் களிமண்ணைக் கரைத்து ஊற்றி மிதிப்பார்கள். இறுதியில் தெளிந்த நீரில் அலசுவார்கள். ஓடும் ஆற்றுக்கு அருகிலேயே இந்தத் தொழில் நடந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஊருக்குச் சற்று ஒதுக்குப்புறமாக நடந்ததற்கான காரணத்தைச் சொல்லத் தேவையில்லை.

இயந்திரம் வந்த பிறகு இந்தத் தொழில் என்ன ஆயிற்று?

இங்கிலாந்தின் துணித் தொழிலில் நீராற்றலால் முதன்முதலில் இயங்கிய வேலை இதுதான். நூற்பு இயந்திரங்கள் 18-ஆம் நூற்றாண்டில்தான் வந்தன. ஆனால் 1185-ஆம் ஆண்டிலேயே டெம்ப்ளர் வீரத்துறவிகளின் நிலங்களில், யார்க்‌ஷரில் ஒன்றும் கிளாஸ்டர்‌ஷரில் ஒன்றுமாக, துணியை இடிக்கும் நீராலைகள் இருந்தது அவர்களுடைய கணக்கேட்டில் பதிவாகியிருக்கிறது. நீர்ச்சக்கரம் சுழல, அதன் அச்சில் இருந்த முட்டுகள் கனமான மரச் சம்மட்டிகளைத் தூக்கித் தூக்கி விட, அவை தொட்டியில் கிடந்த துணியின் மேல் மாறி மாறி விழும். கால் செய்த வேலையைச் சம்மட்டி ஏற்றுக்கொண்டது. அதற்குப் பிறகும் ஆலையை வைத்திருந்தவர் ‘மிதிப்பவர்’ என்றே அழைக்கப்பட்டார். வட இங்கிலாந்தில் ஆலைக்கும் ‘வாக் மில்’ என்றே பெயர்.

ஆலையிலிருந்து வந்த ஈரத்துணி சுருங்கிக் கோணாமல் காய்வதற்காக, ‘டென்டர்’ எனப்படும் நீண்ட மரச்சட்டத்தில், வரிசையாக அடிக்கப்பட்ட வளைந்த ஆணிகளில் மாட்டி விறைப்பாக இழுத்துக் கட்டுவார்கள். என்ன நடக்குமோ என்று பதைப்போடு காத்திருப்பவரை ‘டென்டர் ஹுக்’ மேல் இருப்பதாக ஆங்கிலேயர் இன்றும் சொல்வது இந்த ஆணிகளை வைத்துத்தான்.

கையும் காலும் செய்த பழைய முறை ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் 20-ஆம் நூற்றாண்டு வரை நீடித்தது. அங்கே அது பெண்களின் வேலை. நீண்ட பலகையைச் சுற்றி அமர்ந்து, நனைத்த துணியைத் தாளம் தவறாமல் பலகையில் அடித்துக்கொண்டும் அடுத்தவருக்கு நகர்த்திக்கொண்டும் கேலிக் மொழியில் பாடுவார்கள். ஒருத்தி அடியெடுத்துக் கொடுக்க மற்றவர்கள் சேர்ந்து பாடும் அந்த முறை, நம் நாற்று நடவுப் பாட்டைக் கேட்டவர்களுக்கு அந்நியமாகத் தோன்றாது. ஒரே அமர்வில் ஒரு பாட்டை இருமுறை பாடக்கூடாது என்ற நம்பிக்கையும் அவர்களிடம் இருந்தது.

ஃபுல்லர், டக்கர் ஆகிய பெயர்களுக்கும் இதே பொருள்தான் என்கிறார்களே?

ஆம். ஒரே தொழிலுக்கு இங்கிலாந்தின் மூன்று வட்டாரங்களில் மூன்று பெயர்கள் வழங்கின. வடக்கிலும் மேற்கு நடுப்பகுதியிலும் வாக்கர். தென்கிழக்கிலும் கிழக்குக் கரையோர நார்ஃபோக், சஃபோக் பகுதிகளிலும் ஃபுல்லர். டெவன், சாமர்செட் முதலிய தென்மேற்கு மாவட்டங்களில் டக்கர். பிற்காலத்தில் மக்கள் எங்கெங்கோ குடிபெயர்ந்த பிறகும், இந்தப் பெயர்கள் அடர்ந்திருக்கும் இடங்களை வரைபடத்தில் குறித்தால் இடைக்கால வட்டார வழக்கின் எல்லைகள் ஓரளவு தெரியும். எங்களைப் பொறுத்தவரை, இந்தப் பெயர்களிலேயே மிகச் சுவையான செய்தி இதுதான். எழுநூறு ஆண்டுகளுக்கு முந்தைய பேச்சுவழக்கைத் தொலைபேசிப் பட்டியலில் படிக்கக் கிடைப்பது எளிதில் வாய்க்காது.

ஃபுல்லர் என்பது ‘ஃபுல்லோ’ என்ற இலத்தீன் சொல்லின் வழிவந்தது. நார்மன் பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுவந்த, மிதித்தல் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லும் அதற்கு வலு சேர்த்தது. ‘நிறைந்த’ என்று பொருள்படும் ‘ஃபுல்’ என்பதற்கும் இதற்கும் உறவில்லை. 1620-இல் மேஃபிளவர் கப்பலில் அமெரிக்கா சென்ற எட்வர்டு ஃபுல்லர், சாமுவேல் ஃபுல்லர் என்ற சகோதரர்கள் நார்ஃபோக் மாவட்டத்தினர் என்பது, மேலே சொன்ன வட்டாரக் கணக்கோடு அழகாகப் பொருந்துகிறது.

டக்கர் என்பதன் வேர் பழைய ஆங்கில ‘டூகியன்’. அதற்கு வதைத்தல், துன்புறுத்தல் என்று பொருள். துணி பட்ட பாட்டை நினைத்தால் பொருத்தமான சொல்தான். நாம் சட்டையை ‘டக்-இன்’ செய்கிறோமே, அந்த டக் என்பதும் இந்தக் குடும்பத்தோடு சேர்ந்த சொல்லே. டெவன் மாவட்டத்தின் எக்சிடர் நகரில் நெசவாளர், துணி மிதிப்பவர், துணி கத்தரிப்பவர் ஆகியோரின் சங்கத்துக்காக 1471-இல் கட்டப்பட்ட டக்கர்ஸ் ஹால் இன்றும் நிற்கிறது. இலண்டனிலோ துணி மிதிப்போரின் சங்கம் துணி கத்தரிப்போரின் சங்கத்தோடு 1528-இல் இணைந்து, துணித் தொழிலாளர் சங்கம் என்ற ஒரே அமைப்பாகிவிட்டது.

தொழிலின் பெயர் எப்போது குடும்பத்தின் பெயரானது?

ஒரே நாளில் ஆகவில்லை. ஊரில் நான்கு ஜான்கள் இருந்தால் அவர்களில் ஒருவர் ஆலைக்கார ஜான், ஒருவர் குன்றடி ஜான், ஒருவர் ராபர்ட் மகன் ஜான் என்று அழைக்கப்படுவது எந்த ஊரிலும் இயல்பு. 13, 14-ஆம் நூற்றாண்டுகளில் இந்த அடைமொழிகள் மெல்ல மெல்லத் தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லத் தொடங்கின. 1377, 1379, 1381 ஆகிய ஆண்டுகளில் தலைவரி வசூலிக்க எடுத்த பட்டியல்கள் இந்த மாற்றம் நடந்துகொண்டிருந்தபோதே அதைக் காட்டுகின்றன. துணித் தொழில் வளர்ந்த மேற்கு யார்க்‌ஷரின் 1379-ஆம் ஆண்டுப் பட்டியலில், பெயரும் தொழிலும் ஒன்றாகவே இருப்பவர்கள் நிறைய. பின்னர் மகன் ரொட்டி சுட்டாலும் செருப்புத் தைத்தாலும் வாக்கர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. தென் இங்கிலாந்தில் பெயர்கள் முன்னதாகவே நிலைபெற்றன, வடக்கில் தாமதமாயிற்று.

வெப்ஸ்டர், வெப் ஆகியோர் நெசவாளர். டையர், லிஸ்டர் ஆகியோர் சாயம் தோய்ப்பவர். ஷெர்மன் துணியின் மேற்பரப்பைக் கத்தரித்துச் சமன் செய்பவர். ஒரு துணி கடந்துவந்த கைகள் எல்லாவற்றையும் இன்றைய குடும்பப் பெயர்களிலிருந்தே வரிசைப்படுத்திவிடலாம்.

எல்லா வாக்கர்களும் துணி மிதித்தவர்களின் வழிவந்தவர்களா?

பெரும்பாலோர் அப்படித்தான். ஆனால் விதிவிலக்குகள் உண்டு. நியூகாசிலில் டைன் ஆற்றங்கரையில் வாக்கர் என்றே ஓர் ஊர் இருக்கிறது. ரோமானியர் கட்டிய ஹேட்ரியன் மதிலை ஒட்டிய சதுப்பு நிலம் என்பது அதன் பொருள். அங்கிருந்து வேறூர் சென்ற சிலர் ஊர்ப்பெயரையே குடும்பப் பெயராகக் கொண்டிருக்கலாம். ஸ்காட்லாந்தில், ‘துணி மிதிப்பவரின் மகன்’ என்று பொருள்படும் ஒரு கேலிக் பெயரை ஆங்கிலப்படுத்தியபோது சிலர் வாக்கர் ஆனார்கள். டக்கரில் கலப்பு இன்னும் அதிகம். அயர்லாந்தின் ஓ டுவாகர் என்ற பழைய குலப்பெயரும், மரம் கடைபவரைக் குறிக்கும் டோக்கர் என்ற யூதப் பெயரும் ஆங்கில நாடுகளில் டக்கர் என்று மாறியிருக்கின்றன. வேல்ஸ் மொழியில் இத்தகைய ஆலைக்கு ‘பாண்டி’ என்று பெயர். டோனிபாண்டி என்ற ஊரின் பெயரில் இருப்பது அதுவே. நம் புதுச்சேரிக்காரர்கள் உறவு கொண்டாட வேண்டியதில்லை.

ஜானி வாக்கர் விஸ்கியின் பெயரும் இதுதானா?

இதுதான். 1805-இல் பிறந்த ஜான் வாக்கர், ஸ்காட்லாந்தின் கில்மார்னக் நகரில் மளிகைக்கடை வைத்திருந்தவர். அவருடைய குடும்பப் பெயரே பிற்காலத்தில் விஸ்கிக்கு வந்தது. 1908-இல் டாம் பிரவுன் என்ற ஓவியர், தொப்பியும் கைத்தடியுமாக எட்டி நடைபோடும் கனவானை அந்த நிறுவனத்துக்காக வரைந்தார். வாக்கர் என்றால் நடப்பவர் என்ற எண்ணத்தை உலகம் முழுவதும் பரப்பியதில் அந்தப் படத்துக்குப் பெரிய பங்கு உண்டு. சொல்லின் வரலாற்றுக்கு உண்மையாக வரைந்திருந்தால் அவருடைய பளபளப்பான பூட்ஸைக் கழற்றித் தொட்டிக்குள் இறக்கியிருக்க வேண்டும். பெயர் அங்கேயும் நிற்கவில்லை. பத்ருதீன் ஜமாலுதீன் காஜி என்ற இந்தி நகைச்சுவை நடிகருக்கு இயக்குநர் குரு தத் இந்த விஸ்கியின் பெயரையே திரைப்பெயராகச் சூட்டினார்.

அமெரிக்கக் கறுப்பின மக்களில் பலருக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது?

அடிமை முறையின் வழியாகப் பலருக்கு வந்தது. அடிமைகளுக்குக் குடும்பப் பெயரைச் சட்டமோ ஆவணங்களோ பெரும்பாலும் ஏற்கவில்லை. 1865-இல் விடுதலை பெற்றபோது சிலர் உரிமையாளரின் பெயரை வைத்துக்கொண்டார்கள். சிலர் தமக்குள் முன்பே வழங்கிவந்த பெயரை வெளிப்படையாகச் சொன்னார்கள். சிலர் புதிதாகத் தேர்ந்தெடுத்தார்கள். ஆகவே ஒரு கறுப்பினக் குடும்பத்தின் பெயர் வாக்கர் என்பதால் வாக்கர் என்ற ஒருவர் அவர்களை அடிமையாக வைத்திருந்தார் என்று முடிவு கட்டக் கூடாது. 1829-இல் அடிமை முறைக்கு எதிராகக் கடுமையான அறைகூவலை வெளியிட்ட டேவிட் வாக்கர், அடிமையல்லாத தாய்க்குப் பிறந்தவர். கூந்தல் பராமரிப்புப் பொருள்கள் விற்றுப் பெருஞ்செல்வம் ஈட்டிய மேடம் சி. ஜே. வாக்கர், 1867-இல் பிறந்தபோது சாரா பிரீட்லவ். கணவர் சார்லஸ் ஜோசப் வாக்கரின் பெயரே அவருடைய வணிகப் பெயராயிற்று.

எல்லா வாக்கர்களும் ஒரே முன்னோரின் வழித்தோன்றல்களா? குடும்பச் சின்னம் ஏதேனும் உண்டா?

இரண்டுக்கும் விடை ‘இல்லை’ என்பதே. ஆறு ஓடிய ஊர்களில் எல்லாம் துணி மிதிப்பவர் இருந்தார். ஒவ்வோர் ஊரிலும் தனித்தனியாகப் பெயர் பிறந்தது. ஆண்வழி மரபணுச் சோதனைகளிலும் அரிய பெயர்களைக் கொண்டவர்களே பெரும்பாலும் ஒரே கிளையில் சேர்கிறார்கள். பரவலான தொழிற்பெயர்களைக் கொண்டவர்கள் பல கிளைகளில் சிதறிக் கிடக்கிறார்கள்.

சின்னத்தைப் பொறுத்தவரை, இங்கிலாந்தின் மரபில் கேடயச் சின்னம் ஒரு தனிமனிதருக்கும் அவருடைய வழித்தோன்றல்களுக்கும் உரியதே தவிர, ஒரு பெயர் கொண்ட எல்லோருக்கும் உரியதல்ல. 1484-இல் நிறுவப்பட்ட இலண்டன் சின்னவியல் கல்லூரிதான் அதை வழங்குகிறது. ‘வாக்கர் குடும்பச் சின்னம்’ என்று சட்டம் போட்டு விற்பதைச் சுவரில் அழகுக்கு மாட்டிக்கொள்ளலாம்.

இந்தப் பெயருள்ள முன்னோரைத் தேடுபவர் எங்கே தொடங்க வேண்டும்?

கையிலிருக்கும் கடைசிச் சான்றிதழிலிருந்து பின்னோக்கிச் செல்ல வேண்டும். பெயரின் தொன்மையிலிருந்து முன்னோக்கி வர முயன்றால் வழி தவறும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவு 1837-இலும், ஸ்காட்லாந்தில் 1855-இலும் தொடங்கின. அதற்கு முன்னர் தேவாலயப் பதிவேடுகளே துணை; மன்னர் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல்லின் ஆணைப்படி 1538 முதல் அவை எழுதப்பட்டன, ஆனால் எல்லா ஊர்களிலும் பழைய ஏடுகள் தப்பவில்லை. வாக்கர் போன்ற பரவலான பெயருக்கு ஒரே ஊரில் ஒரே ஆண்டில் இரண்டு ஜான் வாக்கர்கள் இருப்பது சாதாரணம் என்பதால், பெயரை மட்டும் நம்பாமல் ஊர், தொழில், மனைவியின் பெயர், சாட்சிகளின் பெயர் ஆகியவற்றையும் சேர்த்துப் பொருத்திப் பார்க்க வேண்டும்.

ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களுக்கும், சென்னையில் பணியாற்றிய ஆங்கிலேயரைத் தேடுபவர்களுக்கும் இன்னொரு வாயில் உண்டு. செயின்ட் ஜார்ஜ் கோட்டையிலுள்ள புனித மேரி தேவாலயம் 1680-இல் அர்ப்பணிக்கப்பட்டது. அதன் பதிவேடுகளும் அந்த ஆண்டிலேயே தொடங்குகின்றன. சென்னை மாகாணத்துத் தேவாலயங்கள் இலண்டனுக்கு அனுப்பிய ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் படிகள் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணத் தொகுப்பில் உள்ளன.

ஆங்கில எழுத்தில் ‘எல்’ இருக்கிறதே, தமிழில் ‘வால்க்கர்’ என்று எழுத வேண்டாமா?

வேண்டாம். பழைய காலத்தில் அந்த ஒலி இருந்தது. பின்னர் பேச்சில் தேய்ந்து எழுத்தில் மட்டும் தங்கிவிட்டது. ஜெர்மன் குடும்பத்தைச் சேர்ந்தவராக இருந்தால் மட்டும் ‘வால்கர்’ என்று எழுதுவது சரி.

‘ஃபுல்லர்ஸ் எர்த்’ என்று அழகுப்பொருள் கடையில் விற்கிறார்களே, அதற்கும் இந்தத் தொழிலுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. ‘துணி மிதிப்பவரின் மண்’ என்பதே அதன் பொருள். தொட்டியில் கரைத்து ஊற்றிய, எண்ணெய் உறிஞ்சும் களிமண் என்று மேலே குறிப்பிட்டது இதைத்தான். இங்கிலாந்தில் சர்ரே மாவட்டத்திலும் பெட்ஃபோர்ட்‌ஷரிலும் இதைத் தோண்டி எடுத்தார்கள். இதே தன்மையுள்ள மண், இன்றைய பாகிஸ்தானின் முல்தான் நகரத்தின் பெயரால், நம் வீடுகளில் முல்தானி மட்டி என்று வழங்குகிறது. கம்பளியின் பிசுக்கை எடுத்த அதே குணத்துக்காகத்தான் பன்னீரில் குழைத்து முகத்தில் பூசுகிறார்கள்.